அரை வாளி சுமக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை நீ போனில் ஒன்று கேட்டாய். "அம்மா, அடுத்த மாசம் அவங்க என்னைப் பொண்ணு பார்க்க வரும்போது இங்க என் வீட்டு ஹால்ல இருக்கிற, போட்டியில ஜெயிச்ச கப்பையெல்லாம் எடுத்து உள்ள வச்சிடலாமா? லோரி இழுக்கிற அந்தப் போட்டோவையும் கழட்டிடலாமா?" என்றாய். நான் "பார்க்கலாம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எனக்குப் போனில் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். எதிரில் முகம் இருந்தாலே எனக்குப் பாதிப் பேச்சுத்தான் வரும். அன்று முழுக்க அந்தக் கேள்வி என் கூடவே அடுப்படிக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் எழுதுவது. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள். உன் கேள்விக்கான பதிலை முதல் வரியிலேயே எழுதிவிடலாம். ஆனால் அந்தப் பதில் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரியாவிட்டால் அது உனக்கு வெறும் அம்மா பேச்சாகத்தான் இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்துவிட்டு டவுன் பள்ளிக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். எனக்கு வயதுக்கு மீறிய உடம்பு. குண்டு இல்லை, பெரிய எலும்பு. பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பையன்கள் எனக்கு 'லோரி' என்று பெயர் வைத்தார்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒரு வருடம் கூட ஆகவில்லை. அப்பாவுக்கு இடுப்பு விழுந்தது, வீட்டில் ஆள் வேண்டும் என்றார்கள். நான் அதைச் சாக்காக வைத்துப் பையைக் கீழே போட்டேன். அழவில்லை. சந்தோஷமாகப் பால் மரம் வெட்ட, பட்டை கீறிப் பால் எடுக்கப் போனேன். மரங்கள் பெயர் வைத்துக் கூப்பிடுவதில்லை.

அங்கேதான் என் உடம்பு எதற்கு என்று எனக்குத் தெரிந்தது. வெட்டு முடிந்து மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களிலிருந்து பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு பால் கொட்டாய்க்கு நடக்க வேண்டும். ஆம்பளைகளே நடுவில் இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். நான் இறக்க மாட்டேன். கம்பு வளைந்து எழும் தாளத்துக்குக் காலை வைத்தால் வாளி தானாக நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். மேட்டு மர நிரையிலிருந்து நான் ஓட்டமும் நடையுமாக இறங்கி வரும்போது பக்கத்து நிரை மாரியாயி அக்கா, "ஏய், வழி விடுங்கடி, ரயிலு வருது!" என்று கத்துவார். எனக்கு வெட்கமாக இருக்கும், உள்ளுக்குள் இனிப்பாகவும் இருக்கும்.

என் அம்மாவுக்கோ அது வயிற்றில் நெருப்பு. என்னைக் கேட்டு வந்த ஒரு குடும்பம், நான் வாளி தூக்கி வருவதைப் பார்த்துவிட்டு, "பொண்ணு பார்க்க வந்தோம், பையனை இல்ல பார்த்துட்டுப் போறோம்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டது. இன்னொரு குடும்பம் என் தோளில் கம்பு உட்கார்ந்து காய்த்த இடத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றியது. அதற்குப் பிறகு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். வெளியாட்கள் தோட்டத்துக்கு வருகிறார்கள் என்றால் அன்று நான் வாளியைப் பாதிதான் நிரப்ப வேண்டும். இரண்டு நடையாக, மெதுவாக, தலை குனிந்து வர வேண்டும். "அரை வாளிடீ, அரை வாளி" என்று காதில் ஓதி அனுப்புவார். பாப்பா, இதை நீ சுமந்து பார்த்திருக்க மாட்டாய். நிறைந்த வாளி பேசாமல் வரும். அரை வாளிப் பால்தான் உள்ளே அலை அடிக்கும். இந்தப் பக்கம் மோதும், அந்தப் பக்கம் மோதும், கம்பை ஆட்டும், காலை இடறும். பாரம் பாதி, பாடு இரண்டு மடங்கு. பாவாடையெல்லாம் பால் சிந்தி, காய்ந்து, நாற்றத்தோடு வந்து நிற்பேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர், "முழுசா தூக்குறப்போ ஒரு சொட்டு சிந்தாது, பாதி தூக்கிட்டு வந்து ரோட்டுக்கு ஊத்துறியா?" என்று திட்டுவார்.

எனக்குப் பதினெட்டு நடந்த வருடம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஈப்போ புந்தோங்கிலிருந்து ஒரு பலசாலி வருகிறார் என்று நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கப் பேச்சு. பெயர் ஜோசப். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை ஏற்றும் வேலை. ஞாயிறு காலை மாதா கோயில், ஞாயிறு மாலை எந்தத் தோட்டம் கூப்பிட்டாலும் அங்கே. அந்தக் காலத்துப் பலசாலிகளை நீ பார்த்ததில்லை. கடிகாரம் பிடிக்க ஆள் கிடையாது, நடுவர் கிடையாது, மேடையும் கிடையாது. வாடகை வேனில் இரும்புக் கம்பிகளோடு வந்து இறங்குவார்கள். கம்பியைக் கழுத்தில் வைத்து வளைப்பார்கள். நெஞ்சில் கல்லை வைத்துச் சம்மட்டியால் உடைக்கச் சொல்வார்கள். குடுமியில் கயிறு கட்டித் தோட்டத்து லோரியை இழுப்பார்கள். நாள் முழுக்கப் பாரம் சுமந்து முதுகு விட்டுப்போன ஜனங்கள் இன்னொருவன் பாரம் தூக்குவதைப் பார்க்க ஏன் அப்படி முண்டியடித்தார்கள் என்று நான் பிற்பாடு நிறைய நாள் யோசித்திருக்கிறேன்.

அதே திருவிழாவுக்குத்தான் புந்தோங்கிலிருந்து இன்னொரு குடும்பமும் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்து வேண்டாம் என்றால் இரு பக்கமும் மனக்கஷ்டம் என்பதால், கோயிலுக்கு வந்த மாதிரி வந்து, தூரத்திலிருந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பிடித்தால் மட்டும் பிறகு ஜாதகம் கேட்டு ஆள் வரும். அம்மாவுக்கு அவர்களைத் தெரியும், எனக்குத் தெரியாது. "இந்த இடமும் போச்சுன்னா உனக்கு இனிமே எவன் வருவான்?" என்று கேட்டுக்கொண்டே தாவணியை இழுத்து என் தோள் இரண்டையும் மூடிவிட்டார். முழங்காலைக் கட்டிக்கொண்டு சின்னதாக உட்காரச் சொன்னார். எவ்வளவு மடக்கினாலும் நான் சின்னதாகவில்லை.

ஜோசப் அண்ணன் முதலில் அம்மன் முன்னால் வந்து நின்றார். சிலுவை போட்டுக்கொண்டார். பூசாரி திருநீறு வைத்தார், அதையும் குனிந்து வாங்கிக்கொண்டார். இடுப்பில் அகலமான தோல் பெல்ட், பித்தளைக் கொக்கி விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. ஆனால் ஆட்டத்தை நடத்தியது அவர் இல்லை. அவருடைய அக்கா ரோசம்மா. குள்ளமான பெண், கையில் மைக், வாயில் வெற்றிலை.

"என் தம்பிகிட்ட யாரும் மோத வேணாம், அவன் பாவம், சாது. என்கிட்ட பேச்சுல மோதுங்க, போலே, சரியா?" என்று ஆரம்பித்தார். கூட்டம் அப்போதே சிரித்து விழுந்துவிட்டது. கம்பி வளைந்தது, கல் உடைந்தது, லோரி நகர்ந்தது. கடைசி ஆட்டத்துக்கு இரண்டு வடக்கயிறுகளைக் கொண்டு வந்தார்கள். ஜோசப் அண்ணன் நடுவில் நின்று இரு முழங்கையிலும் ஒவ்வொரு கயிற்றை மாட்டிக்கொண்டு, நெஞ்சுக்கு முன்னால் பத்து விரலையும் கோத்துக்கொண்டார். இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர். ரோசம்மா அக்கா இருபது எண்ணுவதற்குள் அந்தக் கையைப் பிரிக்க வேண்டும். "பிரிச்சிட்டா தம்பியோட பெல்ட்டு உங்களுக்கு. இதுவரைக்கும் அவன் இடுப்ப விட்டு இறங்குனது இல்ல!"

எங்கள் ஆம்பளைகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார்கள். பாதிப் பேர் கள்ளுக்கடையிலிருந்து நேராக வந்தவர்கள், மீதிப் பேர் தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு. இவன் இழுக்கும்போது அவன் விட்டான், அவன் இழுக்கும்போது இவன் காறித் துப்பினான். இருபது எண்ணி முடித்தபோது ஜோசப் அண்ணன் கொட்டாவி விட்டார்.

"என்னலா இது? கயிறு பிடிக்கச் சொன்னா கயித்துல துணி காயப்போடுற மாதிரி தொங்குறீங்க. சாப்பிட்டு வரலயா?" என்றார் ரோசம்மா அக்கா.

பெண்கள் பக்கம் இருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. மாரியாயி அக்கா எழுந்து நின்று, "ஆம்பளைங்க சாப்பிட்டாங்க, நாங்கதான் இன்னும் சாப்பிடல. எங்கள விடுங்க!" என்றார்.

"பொம்பளைங்களா? வாங்க வாங்க. தம்பிக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டு வேணும்."

அடுத்த நிமிடம் மாரியாயி அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் மண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இவ இல்லாம நாங்க போறதா? எந்திரிடி, கடைசி ஆளு நீதான்." கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இனி மறுத்தால் இன்னும் அதிகமாகப் பார்ப்பார்கள் என்று அம்மாவுக்குப் புரிந்தது. என் தாவணியைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து காதில் சொன்னார்: "போ. ஆனா அரை வாளிதான்."

அந்தப் பக்கத்துக் கயிற்றுக்கு ஒரு ஆள் குறைந்தது. ரோசம்மா அக்கா கூட்டத்தைத் துழாவி, "வெளியூரு ஆளா இருந்தாலும் பரவால்லலா, ஒருத்தி வாங்க" என்றார். யாரும் அசையவில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து பச்சைப் பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மாள் தயங்கித் தயங்கி எழுந்தார். கைப்பையையும் செருப்பையும் பக்கத்தில் இருந்த ஒல்லிப் பையன் கையில் கொடுத்துவிட்டு வந்து அந்தக் கயிற்றின் கடைசியில் நின்றார். அந்த அம்மாள்தான் என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் என்பது எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரியும். அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று மாரியாயி அக்கா பிறகு நடித்துக் காட்டுவார், நீ சின்ன வயதில் பார்த்துச் சிரித்திருக்கிறாய்.

ரோசம்மா அக்கா விசில் ஊதினார். நான் பாதிதான் இழுத்தேன். கயிறு என் கையில் அரை வாளி மாதிரி ஆடியது. முன்னால் இருந்தவர்களின் பாரம் ஒருமுறை என் மேல் மோதும், ஒருமுறை என்னை இழுத்துக்கொண்டு போகும். ஜோசப் அண்ணன் அசையவே இல்லை. அவர் தோளை ஒரு குலுக்குக் குலுக்கியதும் எங்கள் வரிசை முழுவதும் முன்னால் சரிந்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். மாரியாயி அக்காவின் முழங்கை மண்ணில் தேய்ந்து தோல் வழன்றது. ஆம்பளைகள் பக்கம் கை தட்டினார்கள், அவர்களுக்குத்தான் ரொம்ப நிம்மதி. மாரியாயி அக்கா முழங்கையை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "ஏண்டி, உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் குத்தியது. வருடக்கணக்காக என் பக்கத்து நிரையில் நடந்தவருக்கு, நான் முழுதாக இழுக்கவில்லை என்ற எண்ணமே வரவில்லை. எனக்கு நோய் என்றுதான் நினைத்தார்.

"இன்னொரு வாட்டி!" என்று பெண்கள் கத்தினார்கள். "தம்பி, தாஹான் பண்ணுவியா, தாங்குவியா?" என்று அக்கா கேட்க, அண்ணன் சிரித்துத் தலையாட்டினார். மாரியாயி அக்கா நேராகக் கோயிலுக்குப் பின்னால் இருந்த முதல் மரத்துக்கு ஓடினார். கொண்டை ஊசியால் வெட்டு வாயில் ஒரு கீறல். மண்டோர், "ஏய், லீவு நாள்ல மரத்துல கைய வைக்காதே!" என்று அலறினார். "ஒரு கீறலுதான் மண்டோரே, உங்க தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்!" மாலை நேரத்துப் பால் சுருக்கமாகத்தான் கசிந்தது. ஆனால் இரண்டு வரிசைப் பெண்களின் உள்ளங்கைக்கும் போதும். பால் காய்ந்து பிசுபிசுக்கும்போது எதைப் பிடித்தாலும் விடாது என்பது மரம் வெட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். ரோசம்மா அக்கா, "ஏய், இது என்ன, கள்ள ஆட்டமா?" என்றார். "எங்க தோட்டத்துப் பாலு, எங்க கையி. உங்களுக்கு என்ன சூசா, என்ன கஷ்டம்?" என்றார் மாரியாயி அக்கா. கூட்டம் எங்கள் பக்கம் சாய்ந்தது.

இரண்டாவது விசில். அம்மா இருந்த திசையை நான் பார்க்கவில்லை. கயிற்றை அக்குளுக்குள் விட்டு, முதுகோடு சுற்றி, காண்டா உட்காரும் அந்தக் காய்ப்பின் மேல் போட்டேன். தாவணி எங்கே போனதென்று தெரியாது. குதிகாலை மண்ணில் புதைத்துப் பின்னால் சாய்ந்தேன். முழுப் பாரமும் என் மேல் வந்து உட்கார்ந்தது. அது உட்கார்ந்த மறுகணம், பாப்பா, ஆடுவது நின்றுவிட்டது. நிறைந்த வாளி மாதிரி கயிறு பேசாமல் நின்றது. எனக்கு வெட்கம் தெரியவில்லை. கூட்டமும் தெரியவில்லை. "காலு... காலு... காலு..." என்று மாரியாயி அக்கா சொல்லச் சொல்ல, நிரையில் நடக்கும் அதே தாளத்தில் பின்னால் வைத்தோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பலமாக இழுத்தால் அந்தக் கை பிரியாது. ஆள்தான் அந்தப் பக்கம் நகர்வார். ஜோசப் அண்ணன் நகரவில்லை, நடுங்கினார். அப்படியென்றால் அந்தப் பக்கத்துக் கடைசியிலும் யாரோ என்னைப் போல ஒருத்தி இருக்கிறாள். யாரென்று தெரியாமலே அவளோடு நான் பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. நான் ஒரு அடி வைத்தால் அங்கேயும் ஒரு அடி. ரோசம்மா அக்காவின் எண்ணிக்கை வேகமானது, "பதினஞ்சு பதினாறு பதினேழு" என்று ஓடினார். தம்பியைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று கூட்டம் கூச்சல் போட்டது. அப்போது விரல்கள் பிரிகிற சத்தம் கேட்டது. நான் கேட்டேன் என்று சொன்னால் உன் அப்பா நம்ப மாட்டார். ஆனால் கேட்டேன். இரு வரிசையும் இரு பக்கமும் மல்லாக்க விழுந்தோம். எனக்கு மேலே வானமும் மாரியாயி அக்காவின் பின்னலும்தான் தெரிந்தன. கோயில் மேளம் யாரும் சொல்லாமலே வாசிக்க ஆரம்பித்தது. எங்கள் தோட்டத்துப் பெண்கள் அப்படிக் குலவையிட்டதை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஜோசப் அண்ணன் கையை உதறிக்கொண்டே வந்தார். பெல்ட்டைக் கழற்றி, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இரு பக்கமும் பார்த்து, கடைசியில் நேராக என்னிடம் நடந்து வந்து இரு கையாலும் நீட்டினார். "குவாட் தங்கச்சி, நல்ல பலம்" என்றார். அவ்வளவுதான். அக்காவுக்குப் பேச்சு எவ்வளவோ, தம்பிக்கு அவ்வளவு குறைவு.

அப்போதுதான் பச்சைப் பட்டுச் சேலை அம்மாள் என்னிடம் வந்தார். சேலை முழுக்கச் செம்மண். இரு உள்ளங்கையையும் விரித்து, "ஏம்மா, இது என்ன எழவு, போக மாட்டேங்குது?" என்றார். அவர் புந்தோங் பக்கத்தில் செங்கல் சூளையில் கல் சுமந்தவர், ரப்பர்ப் பால் தெரியாது. காய்ந்த பாலைத் தேய்த்தால் போகாது, ஓரத்தில் நகத்தால் கிளப்பி உரித்தெடுக்க வேண்டும். நான் அவர் கையைப் பிடித்து, ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக உரித்தேன். மெல்லிய தோல் மாதிரி முழுசாக வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அவர் உள்ளங்கை ரேகை எல்லாம் அதில் பதிந்திருந்தது. அவர் அதை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு என் கையைத் திருப்பி, என் கையில் இருந்ததை அவரே உரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

என் அம்மா ஓடி வந்தார், என் தாவணி அவர் கையில். கண்ணெல்லாம் தண்ணீர். "தப்பா நினைக்காதீங்க அக்கா. யாரோ இழுத்துட்டுப் போய்ட்டாங்க. இவ எப்பவும் இப்படி இல்ல..."

"எப்பவும் இப்படி இல்லையா?" என்றார் அந்த அம்மாள். "அப்ப எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரித்தார். செங்கல் சூளை முழுக்கக் கேட்கிற சிரிப்பு. "நானும் மொதல்ல பாதிதான் இழுத்தேன்லா. பொண்ணு பார்க்க வந்த இடத்துல மாமியாக்காரி மானம் போகக் கூடாதுன்னு. இவளும் பாதி, நானும் பாதி. எப்படிப் பிரியும் அந்தக் கை?" இரண்டு ரேகைத் தோலையும் முந்தானையில் முடிந்துகொண்டார். "ஜாதகம் வேணாம். இது போதும்." பக்கத்தில் அந்த ஒல்லிப் பையன் இன்னும் கைப்பையையும் செருப்பையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. அதுதான் உன் அப்பா. யாருக்காகக் கத்தினீர்கள் என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன். "ரெண்டு பக்கமும் ஜெயிக்கணும்னு கத்துன ஒரே ஆளு நான்தான்" என்றார்.

அந்த அம்மாள், அதாவது உன் அப்பாயியும் நானும் புந்தோங்கில் ஒரே வீட்டில் இருந்த காலத்தைப் பற்றி நீ எவ்வளவோ கேட்டிருக்கிறாய். சண்டையே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அரிசி மூட்டையை யார் தூக்குவது என்றுதான் எங்கள் சண்டை பெரும்பாலும் இருந்தது. உன் அப்பா சைக்கிள் கடையிலிருந்து வந்து, இரண்டு பேரும் தூக்கி முடிக்கும் வரை வாசலில் சிகரெட் பிடித்துவிட்டு உள்ளே வருவார். பெல்ட் ஆணியில் தொங்கியது. நீ பிறந்தபோது அதைக் கொண்டுதான் உன் தொட்டில் கொக்கியைக் கட்டினோம், அந்த வீட்டில் அறுகாதது அது ஒன்றுதான்.

எண்பதுகளில் காலம் மாறிவிட்டது. தோட்டங்கள் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறின, லயத்து ஜனங்கள் ஈப்போவுக்கும் அதற்கு அப்பாலும் வந்தார்கள். பலசாலி ஆட்டமும் மாறியது. ஈப்போ திடல் ஒன்றில் முதல் தடவையாகப் போட்டி வைத்தார்கள். கடிகாரம், வெள்ளைக் கோடு, நடுவர், எண் ஒட்டிய பனியன். உடற்பயிற்சிக் கூடங்களிலிருந்து கண்ணாடி மாதிரி உடம்பு வைத்த இளைஞர்கள் பெயர் கொடுத்தார்கள். ஜோசப் அண்ணனும் கொடுத்தார். "அந்த சர்க்கஸ் ஆளா?" என்று காப்பிக் கடையில் சிரித்தார்கள். முன் தலை வழுக்கையாகி, குடுமியில் கயிறு கட்ட இடம் இல்லாத வயது அவருக்கு. ஒரு மாலை அக்காவும் தம்பியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பெல்ட் இடுப்பில் இல்லாமல் அவரால் பெரிய பாரம் இழுக்க முடியவில்லையாம். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"சும்மா குடுக்க மாட்டோம்" என்றார் உன் அப்பாயி. "நாங்க இழுத்து வாங்குனது. நீயும் இழுத்து வாங்கிக்க."

"ஏன்லா, வயசான காலத்துல என் தம்பிய கொல்லப் பார்க்கிறியா?" என்றார் ரோசம்மா அக்கா.

"நான் என்ன கொமரியா? எனக்கும் சேர்த்துத்தான் வயசாகுது."

அதற்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் மாலை வேளைகளில் கயிறு இறங்கியது. ஒரு பக்கம் உன் அப்பாயியும் நானும், அந்தப் பக்கம் ஜோசப் அண்ணன் தனியாக. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் நிறுத்திப் பார்த்தார்கள். முதலில் எனக்குக் காது சுட்டது, பிறகு பழகிவிட்டது. ரொம்ப நாள் நாங்கள்தான் அவரை மண்ணில் கிழித்த கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்தோம். ஒரு மாலை அவர் எங்கள் இருவரையும் அந்தப் பக்கம் கொண்டு போனார். உன் அப்பாயி புழுதியைத் தட்டிக்கொண்டு உள்ளே போய், உன் தொட்டிலை அவிழ்த்துப் பெல்ட்டைக் கொண்டு வந்து கொடுத்தார். அன்று நீ என் மடியில் தூங்கினாய்.

போட்டி நாள் நல்ல வெயில். அண்ணன் முதல் சுற்றுகளில் பின்தங்கினார், வேகத்தில் இளைஞர்கள் பறந்தார்கள். கடைசியில் லோரி. அவர் தோள்பட்டையில் கயிறு, குனிந்து நிற்கிறார், லோரி அசையவில்லை. கூட்டம் பரிதாபப்பட ஆரம்பித்தது. அது சிரிப்பை விடக் கொடுமை. எனக்கு அவர் முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் பயந்து பயந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கிறார். உன்னைத் தோளில் உட்கார வைத்திருந்தேன். அப்படியே எழுந்து நின்று, என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்தின் நடுவில் வாயைத் திறந்து கத்தினேன்: "அண்ணே! அரை வாளி எதுக்கு? முழுசா எடுங்க!"

திடல் முழுக்க இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது புரிந்திருக்கும்? அவருக்குப் புரிந்தது. தலையைத் தூக்காமலே சிரித்தார், பக்கவாட்டில் பல் தெரிந்தது. பிறகு உடம்பை முழுசாகக் கயிற்றில் சாய்த்தார். லோரி ஒரு பெருமூச்சு விட்டது. உருண்டது. உருளத் தொடங்கியது நிற்கவே இல்லை. கோட்டைத் தாண்டியும் அவர் இழுத்துக்கொண்டு போனார், நடுவர் ஓடிப் போய் நிறுத்த வேண்டியிருந்தது. அன்று மொத்தக் கணக்கில் யார் முதல் என்பதை நான் கவனிக்கவில்லை. லோரி அவருடையது. அவரை விட வேகமாக அதை யாரும் இழுக்கவில்லை. அவர் திரும்பி வந்து பெல்ட்டைக் கழற்றி, என் தோளில் இருந்த உன் கழுத்தில் மாலை மாதிரி போட்டார். பாரம் தாங்காமல் நீ அழுதாய். "அழுவாத, ஒரு நாளைக்கு இது உனக்குச் சரியா இருக்கும்" என்றார் ரோசம்மா அக்கா. இப்போது நீ இறுக்கிக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்குகிற பெல்ட் அதுதான். கொக்கி மட்டும் புதிது.

முன்னால் ஒரு கேள்வியை விட்டுவிட்டு வந்தேன். சுமந்தே பிழைத்த ஜனங்கள் சுமப்பதைப் பார்க்க ஏன் ஓடி வந்தார்கள்? என் மனதுக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். எங்கள் தோளில் இருந்த பாரமெல்லாம் வேறு யாரோ ஏற்றியது. வாளி தோட்டத்துடையது, பால் தொரையுடையது. ஜோசப் அண்ணன் இழுத்த லோரியை இழுக்கச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அவராகப் போய்க் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்றால் கீழே போட்டுவிட்டுப் போகலாம், ஆனால் போகவில்லை. அதே முதுகு, அதே கால், அதே மூச்சு, ஆனால் எஜமான் இல்லை. அதைப் பார்க்கத்தான் நாங்கள் வந்தோம். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் விடியலில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது எங்கள் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. நீ லோரி இழுக்கும் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றுகிறது. பஸ்ஸில் என்னைக் கேலி செய்த அந்தப் பெயரை நீ கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறாய்.

அதனால் கப்புகள் ஹாலிலேயே இருக்கட்டும். தூசி துடைத்து முன்வரிசைக்கு நகர்த்து. அந்தப் போட்டோவை ஆணியிலிருந்து எடுக்காதே. பார்த்துப் பயப்படுகிறவர்கள் இப்போதே பயந்துவிடட்டும், காப்பித் தண்ணியாவது மிச்சம். பாதியைக் காட்டிச் சம்மதம் வாங்கினால், அப்புறம் ஆயுசு முழுக்க அந்தப் பாதியையே சுமக்க வேண்டும். அது எவ்வளவு அலை அடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. கோபப்படாதே. நேற்று மத்தியானம் நானே அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். ஆமாம், நான்தான். இரண்டு தடவை வைத்துவிட்டு மூன்றாம் தடவை பேசினேன். பையனின் அம்மாதான் எடுத்தார். "பொண்ணு பார்க்க வீட்டுக்கு வர வேணாங்க" என்றேன். "நீங்க வர்றதா சொன்ன நாளுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஈப்போ திடலுக்கு வாங்க. என் மக அன்னைக்கு லோரி இழுக்கிறா. அங்க வந்து பாருங்க. பிடிச்சா அப்புறம் வீட்டுக்கு வரலாம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "அங்க பொம்பளைங்களுக்குக் கயிறு இழுக்கிறதும் உண்டாம்மா? பெயர் குடுக்க வயசு பார்ப்பாங்களா?" என்று கேட்டார்.

பெல்ட்டை எடுத்து வை. கயிறு பிடிக்க நானும் வருகிறேன்.

உன் அம்மா